ஊமை கேஸ்

பொம்மனஹள்ளி மூன்றாவது கிராஸ் தெருவில் காந்தாவின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தது, யார் வீட்டு மருமகன் சனிக்கிழமை சாயந்தரம் வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வந்தான், அந்த ஏலக்காய்க்கு அடியில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் தன் வாசற்படியைத் தாண்டாமலே சொல்லிவிடுவாள். மூக்கை நுழைக்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அது கொஞ்சம் அநியாயம். மூக்கு தானாகப் போகும், பின்னாலேயே காந்தா போவாள், அவ்வளவுதான்.

அவள் வீட்டின் பின்சுவருக்கும் ஸ்ரீகண்டனின் பட்டறைச் சுவருக்கும் நடுவில் கல் போட்டு மூடின ஒரு சாக்கடைதான் இடைவெளி. பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி லாரிக்கான பாகங்களை அடித்தார்கள். உலைக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை என்று தொண்ணூற்றேழில் ஸ்ரீகண்டன் ஒரு புது எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு ஆள் உயர இரும்பு உருளை. மேலே நிலக்கரியைக் கொட்டி, கீழே அளவாகக் காற்றும் நீராவியும் விட்டால், கரி முழுசாக எரியாமல் கேஸாக மாறும். அந்த கேஸைக் குழாயில் கொண்டுபோய் உலையின் பர்னரில் எரிப்பார்கள்.

பூஜை போட்ட அன்றைக்கு ஸ்ரீகண்டன் தெருவுக்கெல்லாம் மைசூர்பாக்கு கொடுத்து அனுப்பினார். பின்னாலேயே தானும் வந்தார்.

"இனிமே கரும்புகையே வராதும்மா. இங்க எரியப்போறது கரி இல்ல, கேஸ்."

அவர் சொன்னதில் பெண்களுக்குப் புரிந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். கேஸ் கனெக்ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தாவது வருஷமாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தவள் காந்தா.

"சார், அப்படியே சுவத்துல ஒரு ஓட்டை போட்டு நம்ம வீட்டுக்கும் ஒரு லைன் இழுத்து விட்டுடுங்களேன்" என்றாள்.

ஸ்ரீகண்டன் சிரித்தார். காந்தா விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு வாரத்தில் மைசூர்பாக்கு மறந்துபோயிற்று. தாரும் அழுகின முட்டையும் ஆஸ்பத்திரி ஃபினாயிலும் கலந்த ஒரு நாற்றம் சுவரேறி வந்தது. கொடியில் காய்ந்த வேட்டியில் மஞ்சள் மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியது. காந்தாவின் வெள்ளிக் குங்குமச்சிமிழ் பதினைந்தே நாளில் கறுத்துப் போனது. அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார் என்று அவள் புருஷன் முனிராஜோடு இரண்டு நாள் சண்டை போட்டாள். முனிராஜ் பஸ் கண்டக்டர். சில்லறைக்கு இதைவிடப் பெரிய சண்டைகளைத் தினம் பார்க்கிறவர் ஆனதால் பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் எதிர்வீட்டு நோராவின் வெள்ளிச் சிலுவையும் கறுத்தது. அப்புறம்தான் முனிராஜுக்கு ரசத்தில் பருப்பு விழுந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாற்றத்தால் தெருவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. காலையில் எந்திரத்தை மூட்டும்போதோ, நடுவில் கரண்ட் போய் பர்னர் அணைந்தாலோ, எரியாத கேஸைப் புகைபோக்கி வழியாக வெளியே விடுவார்கள். நாற்றம் வரும். உடனே ஜன்னல்கள் வரிசையாகப் படார் படார் என்று சாத்திக்கொள்ளும். எல்லோரும் ஓசூர் ரோடு டீக்கடை வரைக்கும் நடந்து, அரைமணி நேரம் ஸ்ரீகண்டனின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுத் திரும்புவார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படி. நல்ல ஏற்பாடு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன் ஆதிகேசவன். ஆரணிப் பக்கத்துக்காரன், காந்தா வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் குடியிருந்தான். ஷிப்டு முடிந்து போகும்போதெல்லாம் காந்தா அவனை மடக்குவாள்.

"என்னப்பா ஆதி, உங்க முதலாளி எங்களையெல்லாம் பொணமாக்கிட்டுத்தான் விடுவாரா? இன்னிக்கு நாத்தம் தாங்கல."

"நாத்தம் வர்றவரிக்கும் பயம் இல்லக்கா. கேஸ்ல ரெண்டு ஜாதி. நாறுது பாரு, அத நாங்க வாயாடின்னு சொல்லுவோம். வர்றதுக்கு முன்னாடியே ஊரக் கூட்டிடும். இன்னொண்ணு இருக்கு, ஊமை. அதுக்கு வாசனையும் கெடயாது, கலரும் கெடயாது. அதுதான் ஆள அடிக்கும். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். வாயாடி சத்தம் போடுறதாலதான் நாம ஊமைகிட்ட மாட்டாம தப்பிச்சிக்கினு இருக்கோம்."

காந்தாவின் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. "யாருடா வாயாடி?"

"உன்னச் சொல்லலக்கா."

"பின்ன எதுக்கு என் மூஞ்சியப் பாத்துச் சொன்ன?"

ஆதிகேசவன் டிபன் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் காந்தா கேஸ் போட முடிவு செய்தாள். சிவாஜிநகரில் மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ் வைத்திருந்த ஒரு வக்கீலைப் பிடித்தாள். வீடு வீடாகப் போய் முப்பத்தோரு கையெழுத்து வாங்கினாள். போன இடத்தில் யார் வீட்டில் புதுப் புடவை, யார் வீட்டில் புதுச் சண்டை என்பதும் உபரியாகக் கிடைத்தது. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு ஒரு மனு, கோர்ட்டில் ஒரு கேஸ். "கேஸ் மேலயே கேஸ் போட்டவ நம்ம காந்தாதான்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். மனுவில் அவள் சொல்லிச் சொல்லி எழுதவைத்தது ஒன்றே ஒன்று: துர்நாற்றம் நிற்க வேண்டும்.

நின்றது. ஆபீசர்கள் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு போன மூன்றாம் மாதம், ஸ்ரீகண்டன் கேஸைக் கழுவுவதற்கு ஒரு தொட்டி வைத்தார். தண்ணீருக்குள் புகுந்து வெளியே வரும் கேஸ் தாரையும் பிசுக்கையும் அங்கேயே விட்டுவிடும். அடுத்து ஒரு பெட்டி, முட்டை நாற்றத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அழுக்குத் தண்ணீர் ஒரு வளைந்த குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும், அதுதான் கேஸுக்குப் பூட்டு. இது ஆதிகேசவனுக்குத் தெரியும். காந்தாவுக்குத் தெரிந்ததெல்லாம், துவைத்த வேட்டி வெள்ளையாகவே காய்ந்தது என்பதுதான். பிள்ளையார் கோயில் கமிட்டி அவளுக்குச் சால்வை போர்த்தியது. சால்வையில் நாப்தலின் வாசனை அடிக்கிறது, யாருக்கோ போட்டதைத்தான் எனக்கும் போட்டிருக்கிறார்கள் என்று அவள் அன்றைக்கே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் ஸ்ரீகண்டன் அவள் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை மைசூர்பாக்கு இல்லை.

"நாத்தம் போச்சா இல்லியா?"

"போச்சு. அதுக்கு இப்ப நான் என்ன, ஆரத்தி எடுக்கணுமா?"

"கோர்ட்டு கேஸ வாபஸ் வாங்குங்க. இல்லன்னா நானும் ஒரு கேஸ் போடுவேன். பட்டறை பேரக் கெடுத்தீங்கன்னு. அப்புறம் போலீஸ் இந்த வாசலுக்கே வரும்."

"வரட்டுமே, காப்பி போட்டுத் தரேன்" என்றாள் காந்தா, தெருவுக்கே கேட்கும்படி.

உள்ளே போய் ஸ்டவ்வைப் பற்றவைக்கக் குச்சியைக் கிழித்தபோது நான்கு குச்சி வீணாயிற்று. நோராவைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாத சங்கதி இது. காந்தாவுக்குப் போலீஸ் என்றால் பயம். காக்கிச் சட்டையைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். முனிராஜும் காக்கிதான் போட்டார், அந்த ஒரு காக்கிக்கு மட்டும் அவள் பயப்படவில்லை.

அன்றிலிருந்து கேட் கிறீச்சிட்டால் திரைச்சீலை ஓரமாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள்.

தை பிறந்ததும் மகள் விஜி பிரசவத்துக்கு வந்தாள். ஏழு மாதம் முடிந்து, கை நிறைய வளையலோடு வந்தவளைப் பின்னறையில் படுக்க வைத்தாள். அங்கேதான் வெயில் வராது, சத்தமும் இல்லை. பக்கத்திலேயே குளியலறை. கதவு கிடையாது, ஒரு துணித்திரைதான். இப்போதுதான் நாற்றமும் போய்விட்டதே.

வந்த நான்காம் நாள் விஜி தலைவலி என்றாள். பிறகு குமட்டல். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இதெல்லாம் இல்லாமலா என்றாள் காந்தா. அப்புறம் காந்தாவுக்கே வலித்தது. காலையில் எழுந்தால் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கின மாதிரி இருந்தது. அதே வரிசையில் இரண்டு வீட்டில் கிறுகிறுப்பு. எல்லோரும் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்.

"கேஸ்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

பாவம், வியாதியின் பேரை அவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவரும் வயிற்று கேஸைத்தான் சொன்னார், இவர்களும் வயிற்று கேஸ் என்றுதான் வாங்கிக்கொண்டார்கள். தெருவே ஓமத் தண்ணீர் குடித்தது. உருளைக்கிழங்கை நிறுத்தினார்கள். கேஸைப் பற்றிக் கோர்ட்டு வரைக்கும் போன ஒருத்தி, தலைவலிக்குக் காரணம் கேஸ் என்று டாக்டரே சொல்லியும், பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நோராவுக்குத்தான் என்னவோ பொறி தட்டியது. பிரேசர் டவுனிலிருந்து குடிவந்தவள், ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. அவள் அக்காள் பெண் கொடுத்த லவ் பேர்ட்ஸ் ஜோடியை, தன் வீட்டுப் பக்கம் திரியும் பூனைக்குப் பயந்து, காந்தாவின் பின்பக்கத்து மாடத்தில்தான் தொங்கவிட்டிருந்தாள். ஒரு காலையில் இரண்டும் கூண்டின் அடியில் காலை நீட்டிக் கிடந்தன. மேலே ஒரு கீறல் இல்லை.

"பூனையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் நோரா. "எனக்கு ஒரே யோசனையா இருக்கு காந்தா. உன் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் குந்தினா தலை வலிக்குது. டியூட்டிக்குப் போனா போயிடுது."

"எல்லாருக்கும் டியூட்டிக்குப் போனாத்தான் தலை வலிக்கும். உனக்கு என் வீட்டுக்கு வந்தா வலிக்குதாக்கும்."

"தமாஷ் பண்ணாத. அந்தப் பட்டறை கேஸா இருக்குமோ?"

"என் மூக்குக்குத் தெரியாம இந்த கிராஸுக்குள்ள ஒண்ணு வந்துடுமா?" என்றாள் காந்தா.

சொல்லிவிட்டாளே தவிர, நோரா போன பிறகு பின்னறைக்குப் போய் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். விஜி தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய். ஈரத் துணி. குளியலறைச் சோப்பு. வேறு எதுவும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு பறவைகளும் கால் நீட்டிக் கிடந்தது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. கண்ணேறு என்று முடிவுகட்டி, விஜிக்கு மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடிகூட வரவில்லை. அவ்வளவு கண்ணா என்று இன்னும் பயந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. முனிராஜ் காலை டியூட்டிக்குப் போய்விட்டார். இரண்டு நாளாகத் தெருவுக்கும் தண்ணீர் லாரி வரவில்லை, பட்டறைக்கும் வரவில்லை. பத்து மணி இருக்கும். கரண்ட் போயிற்று. முன்பெல்லாம் கரண்ட் போனால் அடுத்த நிமிஷம் நாற்றம் வரும், ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும், தெரு டீக்கடைக்குக் கிளம்பும். இன்றைக்கு எதுவும் வரவில்லை. காந்தா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆதிகேசவன் பர்னரின் வால்வை மூடிவிட்டு, தொட்டியைப் பார்க்கப் போனான். லாரி தவறும்போதெல்லாம் வளைந்த குழாயில் குறைந்து வந்த தண்ணீர் இன்றைக்குச் சுத்தமாக இல்லை. காய்ந்து கிடந்தது. எந்திரத்துக்குள் தேங்கி நின்ற கேஸ் புகைபோக்கிக்கு ஏறாமல், திறந்த வழியாகச் சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கடையில் வந்து சேரும் முதல் குழாய் காந்தா வீட்டுக் குளியலறைக் குழாய் என்பது அவனுக்குத் தெரியும். அவன்தான் போன வருஷம் அடைப்பு எடுத்துக் கொடுத்தவன். கூட வேலை செய்தவனிடம் இருக்கிற தண்ணீரையெல்லாம் குழாயில் ஊற்றச் சொல்லிவிட்டு, கேட்டில் நின்ற வாட்ச்மேனையும் இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடிவந்தான்.

கதவு இடிந்து விழுவது போலத் தட்டும் சத்தம் கேட்டு மொச்சை சிதறியது.

"காந்தாக்கா. அக்கா, கேஸ் வந்துடுச்சு. சீக்கிரம் வெளிய வா."

காந்தா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். திரைச்சீலை ஓரத்தை விலக்கினாள். ஆதிகேசவன், ஸ்ரீகண்டனின் ஆள். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு காக்கிக் கை. அதற்கு மேல் பார்க்கத் தைரியம் இல்லை.

சொன்னபடி போட்டுவிட்டார். கேஸ் வந்துவிட்டது.

சத்தம் போடாமல் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அதுவும் போதாதென்று கல்யாணத்துக்கு வந்த இரும்பு டிரங்குப் பெட்டியைத் தரையோடு இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். முன் ஜன்னலை மூடிக் கொக்கி மாட்டினாள்.

"அக்கா, உள்ள இருக்காத. பின்பக்கமா கேஸ் உள்ள வருது."

பின்பக்கமாகவுமா. காந்தா பின்னறைக்கு ஓடி அந்த ஜன்னலையும் சாத்தினாள். நிறைமாதமாகப் போகிற பெண் இருக்கும் வீட்டில் போலீஸ் நுழைந்து, அவள் அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துப் போய்விடட்டும். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஜி தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக வெளிறிக் கிடந்த முகம் இன்றைக்கு ரோஜாப்பூ மாதிரி சிவந்திருந்தது. பூண்டு வேலை செய்கிறது என்று அந்த பயத்திலும் காந்தாவுக்கு ஒரு சின்னத் திருப்தி வந்தது.

நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம்தான். காதுக்குள் ரீங்காரம். பயத்தில் வருவதுதான். முழங்காலில் பலம் இல்லை. போலீஸ் என்றால் தனக்கு இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நெற்றியைச் சுற்றின கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகியது. ஆனாலும் பழக்க தோஷத்தில் மூக்கு மட்டும் தன் வேலையைப் பார்த்தது. தேங்காய் எண்ணெய். ஈரத் துணி. சோப்பு.

வாசலில் இப்போது நோராவின் குரல்.

"காந்தா, நான்தான்டி. போலீஸ் இல்ல, அது வாட்ச்மேன். வக்கீல் கேஸ் இல்லடி, அடுப்பு கேஸ் மாதிரி கேஸ். கதவத் தெற."

அடுப்பு கேஸா. காந்தா அதை மெதுவாக யோசித்தாள். எல்லாமே மெதுவாகத்தான் வந்தது. எனக்கு இன்னும் கனெக்ஷனே வரவில்லையே. இவளையும் சரிக்கட்டிவிட்டார்கள். பொய் சொல்வதானால் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்ல வேண்டாமா, இந்த நோராவுக்கு எப்போதும் சாமர்த்தியம் போதாது.

பிறகு ஆதிகேசவனின் குரல் கேட்டது. இந்தத் தடவை அவன் கேஸ் என்று சொல்லவில்லை.

"அக்கா, ஊமை. ஊமை வந்துருக்கு. நான் சொன்னனே, ஊமை."

வார்த்தை எங்கோ தூரத்தில் விழுந்தது. வாயாடி என்று சொன்னானே, அன்றைக்கு. வாயாடி இல்லாவிட்டால் ஊமை. டிபன் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போனான். வாயாடியை யார் நிறுத்தியது. முப்பத்தோரு கையெழுத்து.

கண்ணுக்குள் அந்தப் பறவைகள் மறுபடி காலை நீட்டிக் கிடந்தன.

"விஜி" என்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். வளையல்கள் குலுங்கின. விஜி குலுங்கினாள், கண் திறக்கவில்லை. கன்னத்தில் தட்டினாள். அடித்தாள். அந்த ரோஜாச் சிவப்பு அப்படியே இருந்தது.

அப்போதுதான் காந்தாவுக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை அவள் பயம் என்று நினைத்திருந்தது வேறு.

எழுந்தாள். எழுந்ததாக நினைத்தாள். கால்கள் தரையிலேயே இருந்தன. கத்தினால் நான்காவது கிராஸில் கேட்கும் தொண்டை அவளுடையது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, அதற்குச் சத்தம் இல்லை. தவழ்ந்தாள். நிலைப்படி. சிதறின மொச்சைகள் உள்ளங்கையில் உருண்டன. டிரங்குப் பெட்டி. அதை இழுத்து வைத்த கை இந்தக் கைதானா என்று இருந்தது. பிடித்து இழுத்தாள், அசையவில்லை. கீழ்த் தாழ்ப்பாள் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. மேல் தாழ்ப்பாள் ஆகாயத்தில் இருந்தது.

நான் சாத்தினேன். எல்லாவற்றையும் நானே சாத்தினேன்.

வளையல் போட்ட கையைப் பெட்டியின் மேல் போட்டாள். எடுத்துப் போட்டாள். டங் என்றது. இன்னொரு தடவை.

"உள்ள விழுந்துட்டா" என்றாள் நோரா வெளியே.

ஆதிகேசவன் கையோடு கொண்டுவந்திருந்தது, எந்திரத்தில் கரியைக் குத்திக் கிளறும் ஆறடிக் கம்பி. அதைக் கீல் பக்கத்து இடுக்கில் கொடுத்து வாட்ச்மேனும் அவனுமாக நெம்பினார்கள். மூன்றாவது நெம்பலில் கதவு கீலோடு பெயர்ந்து பெட்டியின் மேல் சாய்ந்தது. ஆதிகேசவன் வெளியே நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். முதலில் காந்தாவின் கையைப் பிடித்தான். அவள் அவன் கையை உதறி, பின்னறைப் பக்கம் விரலைக் காட்டினாள். பேச்சு வராத விரல். அவன் அவளைத் தாண்டிப் போனான்.

விஜியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் கிடத்திவிட்டு, மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு இரண்டாம் தடவை உள்ளே போனான்.

பட்டறையின் டெம்போவிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் காற்று முகத்தில் அடிக்க அடிக்கக் காந்தா வாந்தி எடுத்தாள். விஜியின் தலை நோராவின் மடியில் இருந்தது. நோரா ஏசுவையும் டெம்போ டிரைவரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஆக்சிஜன் வைத்து ஒரு மணி நேரம் கழித்து விஜி கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள். காந்தாவுக்கு அழுகை வந்தது. டாக்டரம்மா அழுகையை அனுமதிக்கவில்லை.

"உங்க பொண்ணு பொழச்சிட்டா. உள்ள இருக்கறதுக்கு எவ்வளவு போயிருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு வெஷம் எறங்கினாலும் குழந்தைக்கு எறங்க நேரமாகும். நாளைக்கு வரைக்கும் மணிக்கு ஒரு தடவ நெஞ்சுத் துடிப்பக் கேட்டுப் பாக்கணும்."

நர்ஸ் ஊதல் போன்ற ஒரு குழலை விஜியின் வயிற்றில் வைத்து, அதில் காதைப் பொருத்திக் குனிந்தாள்.  நர்ஸ் குழலை இடம் மாற்றினாள். மறுபடி மாற்றினாள். அப்புறம் அவளுடைய ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. டக், டக், டக். காந்தாவுக்குக் கேட்காததை அந்த விரல் காட்டியது.

"இருக்கு" என்றாள் நர்ஸ். "கொஞ்சம் மெதுவா இருக்கு."

சாயந்தரம் ஸ்ரீகண்டன் வந்தார். வார்டு வாசலிலேயே நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது, அதில் நடிப்பு இல்லை.

"நான் என்னம்மா பண்றது" என்றார். "நாத்தம் வேணாம்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க."

வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு அங்கேயே கிடைத்திருக்கும். காந்தா விஜியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.  நோராதான் எழுந்து போய், "ஊமைக்கு ஒரு மணி கட்டத் தெரியாதவங்க எதுக்கு சார் அத வளக்குறீங்க? தொட்டிக்கு ஒரு லாரி தண்ணி வாங்கி ஊத்த முடியல, இங்க வந்து பேசுறீங்க" என்றாள். ஸ்ரீகண்டன் தலையைக் குனிந்தபடி போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். இரவு வரைக்கும் அங்கேயே இருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

விஷக்காற்று என்பதால் ஆஸ்பத்திரியில் போலீசுக்கு எழுதிவிட்டார்கள். ஆறு மணிக்கு ஒரு ஏட்டையா வந்தார். உண்மையான காக்கி, உண்மையான லத்தி. விஜியின் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். காந்தாவுக்கு ரோட்டின் அந்தப் பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கேஸ் லீக் ஆதாக ஒளகடே எஷ்டு ஜன இத்ரி?" கேஸ் கசிந்தபோது உள்ளே எத்தனை பேர் என்று கன்னடத்தில் கேட்டார்.

"ரெண்டு பேர்" என்றாள் காந்தா. வயிற்றைப் பார்த்துவிட்டுத் திருத்தினாள். "மூணு பேர்."

அவள் தமிழில் பேசியதும் அவரும் தமிழுக்கு வந்தார். "கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துதுன்னு சொல்றாங்களே. யாரு போட்டது?"

நோரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காந்தா அவள் கையைப் பிடித்தாள்.

"நான்தான் சார்."

"அவங்க கேஸ் வருதுன்னு கத்தியிருக்காங்க. கேக்கலியா?"

"கேட்டுது."

"கேட்டும் எதுக்கும்மா தாழ் போட்டீங்க?"

காந்தா அவருடைய சட்டைப் பித்தானைப் பார்த்தாள்.

"நீங்க வர்றீங்கன்னுதான் சார்."

ஏட்டையாவின் பேனா நோட்டின் மேல் நின்றது. இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் மணி ஆகிவிட்டதென்று நர்ஸ் குழலோடு வந்து, கை காட்டி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். ஏட்டையா பேனாவை மூடினார். நர்ஸ் குனிந்து காதைப் பொருத்தினாள்.

அவளுடைய விரல் போர்வையின் மேல் இருந்தது. இன்னும் தட்ட ஆரம்பிக்கவில்லை. காந்தா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.